நடு உத்தரம்

முதலில் பஞ்சப்படியை வெட்டினார்கள். ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டதற்குக் கதவடைப்பு. கதவடைப்பின் நடுவே லாரி. லாரிக்குப் பிறகு, செத்தவன் எங்கள் ஆளே இல்லை, ஆள் கணக்கு எடுக்கிற மஸ்டரில் அப்படி ஒரு பெயர் கிடையாது என்று டைம் ஆபீசிலிருந்து சொல்லியனுப்பியது. அதற்குப் பிறகு தீர்ப்பு. தீர்ப்பில் அவன் 'ஒரு நபர்'. தீர்ப்புக்குப் பிறகு சங்கம் இரண்டாக உடைந்து ஆபீஸ் சாவி அடுத்தவர்கள் கைக்குப் போனது. பிறகு மில்லை மூடினார்கள். பிறகு இயந்திரங்களை எடைக்குப் போட்டார்கள். பிறகு மில் நின்ற மண்ணில் அடுக்குமாடி எழுப்பினார்கள். பிறகு அதில் ஒன்பதாவது மாடியில் என் மகன் வீடு வாங்கினான். கடைசியாகக் கரையான். இந்த வரிசை மாறக் கூடாது. மனு எழுதத் தெரியாதவன்தான் கடைசியில் நடந்ததை முதலில் எழுதுவான். நேற்றுப் பட்ட அடி என்பதால் அதுதான் பெரிய அடி என்று நினைத்துக்கொள்வான். நான் ஆயுசு முழுக்க மனு எழுதியவன். பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாவதோடு முடிந்தது. மிச்சப் படிப்பையெல்லாம் துண்டறிக்கைகளிலும் பத்துக் காசு வெளியீடுகளிலும் படித்தேன், மில் கேட்டுக்கு எதிரே டீக்கடை விளக்கில். அதில் படித்த முதல் பாடம் வரிசை. எதற்குப் பிறகு எது வந்தது என்று சொல்லத் தெரிந்தவனை ஏமாற்ற முடியாது என்று எங்கோ அச்சடித்திருந்தது, அல்லது நானே ஏதாவது கூட்டத்தில் பேசியிருக்கலாம், இப்போது இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. வரிசை தெரிந்தும் ஏமாந்தவனைப் பற்றி எதிலும் அச்சடிக்கவில்லை. சமையலறையிலிருந்து டொக் டொக் என்று சத்தம் வருகிறது. கரையான் பார்க்க வந்தவன் கதவு நிலையைத் தட்டுகிறான். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தலைக்கு மேலே நடு உத்தரம், சிவப்புப் பெயிண்டில். அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்தால் கதிர் பார்த்துவிடுவான்.

கதிர் என் மகன். நான் வைத்த பெயர் செங்கதிர். கம்பெனியில் அந்தச் 'செங்' எதற்கென்று உதிர்த்துவிட்டான். எதிரே சுவரில் சாய்ந்து நின்று போனைத் தடவிக்கொண்டிருக்கிறான். ஒரு வருஷமாக ஒரே பேச்சு, வீடு ஆடுகிறது, ஓட்டுச் சந்தில் தண்ணீர் இறங்குகிறது, கரையான் மண் சுவரேறி நிற்கிறது, ஒரு நாள் தலையில் விழும், எங்களோடு வந்துவிடுங்கள். வரமாட்டேன் என்றேன். மறுபடி மறுபடி கேட்டான். கடைசியில் நான்தான் சொன்னேன், வாய்ப்பேச்சு வேண்டாம், கூட்டு ஆய்வு வைத்துக்கொள்வோம் என்று. ஷரத்து நானே சொன்னேன். இரண்டு தரப்பையும் தெரியாத ஒரு ஆள் வந்து மரத்தைப் பார்க்க வேண்டும். நடு உத்தரம் தாங்கும் என்று சொன்னால், நான் சாகும்வரை இந்த வீட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. தாங்காது என்று சொன்னால் வீட்டை இடித்துக்கொள்ளலாம், நான் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிடுவேன். முடிவை இந்தக் கூடத்திலேயே தரப்புக்கு ஒரு சாட்சியை வைத்து உரக்கப் படிக்க வேண்டும், படித்த பிறகு மேல்முறையீடு கிடையாது. கதிர் சிரித்தான். "அப்பா, நான் என்ன மேனேஜ்மெண்ட்டா?" என்றான். மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவன் எவனும் மேனேஜ்மெண்ட்தான் என்று அவனிடம் சொல்லவில்லை. வாழ்நாளில் எனக்குத் தெரிந்தது அந்த ஒரு விதமான பேச்சுத்தான். என் கல்யாணத்தைக்கூட மாமனாரோடு அப்படித்தான் பேசி முடித்தேன் என்று செத்துப்போன என் வீட்டுக்காரி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கதிர் தன் சாட்சியாக மருமகளைக் கூட்டிவந்தான். கூடாது என்றேன், வாதி வீட்டு ஆள் சாட்சியாக முடியாது. ஏன் அவ்வளவு கண்டிப்பு என்று அவனுக்குத் தெரியாது. லாரியில் செத்த ஆறுக்குட்டியின் வழக்கில் எங்கள் சங்கத்து நஞ்சையன் கூண்டேறி, என் கண்ணால் பார்த்தேன் சாமி, லாரி நிக்கவே இல்லை என்று சொன்னான். அவன் வேலைநீக்கம் செய்யப்பட்டவன், நிர்வாகத்தின் மேல் வன்மம் உள்ளவன், ஆகவே அவன் சொல் எடுபடாது என்று எழுதிவிட்டார்கள். அன்றைக்குக் கற்றுக்கொண்டது அது. ஆகவே கதிர் தெருமுனைக்குப் போய், தேய்ப்பு வண்டிக்காரர் சின்னராசுவைக் கெஞ்சிக் கூட்டிவந்தான். அவர் வாசற்படி ஓரம் உட்கார்ந்து, "சீக்கிரமா முடிச்சு உடுங்க சாமி, பெட்டியில கரி ஆறிருமுங்க" என்று பத்தாவது தடவையாகச் சொல்கிறார். என் சாட்சி நஞ்சையன், அதே நஞ்சையன். இன்றைக்கு அவனை யாரும் வேலையை விட்டு நீக்க முடியாது. காதில் மிஷின் வைத்திருக்கிறான். அது அவ்வப்போது தானாக விசில் அடிக்கிறது. "கேட்டுல ஷிப்ட் சங்கு ஊதறாப்பல இருக்குதுங்க தலைவரே" என்று அவனே சொல்லி அவனே சிரிக்கிறான்.

டொக் டொக் நின்றது. இப்போது சுரண்டுகிற சத்தம். வந்தவன் பெயர் யுவராஜ், சட்டையில் கம்பெனிப் பெயர், இடுப்பில் டார்ச்சு, கையில் சின்னச் சுத்தியல், ஒரு ஸ்க்ரூ டிரைவர், சுவரில் வைத்தால் கீ கீ என்று கத்துகிற ஒரு மிஷின். ஈரம் இருந்தால் கத்துமாம். வந்ததும் வராததுமாக, துளை போட்டு மருந்து ஏற்றினால் ஐந்து வருஷம் கேரண்டி என்று ஒப்பித்துவிட்டான். பொய்யன் என்று முகத்தில் தெரியவில்லை. உண்மையானவன் என்றும் தெரியவில்லை. எங்கள் ஊர்க்காரன் இல்லை, மில்லைப் பார்த்தவன் இல்லை, சங்கம் என்றால் என்னவென்றே கேட்டிராதவன் மாதிரி இருக்கிறான். நல்லது, அப்படிப்பட்டவன்தான் வேண்டும் என்று கேட்டவன் நான். தட்டுகிற சத்தத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது, உட்கார்ந்திருந்தே கண்டுபிடித்துவிட்டேன். நல்ல மரம் அடியைத் திருப்பிக் கொடுக்கிறது. கெட்டது அடியை உள்ளே வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் டாக்டர் என் முதுகில் விரலை வைத்து விரலால் தட்டும்போது நானும் இப்படித்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என் நெஞ்சு எந்தச் சத்தம் போடுகிறது என்று. பஞ்சுத் தூசி, ஐயா மில்லுல இருந்தீங்களா என்றார். இருந்தேன் என்றேன். தலையை ஆட்டி என்னவோ எழுதினார். ஆறுக்குட்டியும் இருமுவான், ஆனால் அது பீடி. அவனுக்கு ஒரு காதில் கடுக்கன். எந்தக் காதில்? வலது காதா, இடது காதா. காலையிலிருந்து இதே. முகம் வரமாட்டேன் என்கிறது, கடுக்கன் மட்டும் வருகிறது, அது தொங்குவதற்கு ஒரு காது இல்லாமல். தீப்பெட்டி கேட்டுக் கையை நீட்டுவது வருகிறது. துண்டறிக்கையை வாங்கி மடிக்காமல் அப்படியே என்னிடமே திருப்பிக் கொடுத்து, "நீங்க படிங்கண்ணா, கேட்டுக்கறேன்" என்பது வருகிறது. அவனுக்கு எழுத்து தெரியாது. தெரியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. முழுக்க வாசித்துக் காட்டுவேன். நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டால், "அதுக்கு முந்தி ஏதோ இருந்தாப்பல இருந்துதே" என்பான். எப்படித்தான் தெரியுமோ. பரணில் ஏறிய யுவராஜ் அங்கிருந்து குரல் கொடுக்கிறான். "ஐயா, மேல கட்டுக் கட்டா பேப்பர் இருந்துதுங்களா?" "இருக்குது" என்றேன். "இல்லீங்கய்யா. கயிறுதான் இருக்குது" என்றான். மேலேயிருந்து ஒரு கட்டை எடுத்து நீட்டிக் காட்டினான். சணல் கயிறு அப்படியே சதுரமாக நின்றது. அதற்குள் செம்மண். விற்காமல் திரும்பிவந்த வெளியீடுகள், துண்டறிக்கைகள், பஞ்சப்படி வெட்டைக் கண்டித்தவை, லாரியைக் கண்டித்தவை, தீர்ப்பைக் கண்டித்தவை, எல்லாம் வரிசையாக அடுக்கிவைத்திருந்தேன். ஒரு தாளைக்கூட எடைக்குப் போட மனம் வந்ததில்லை. நஞ்சையன் அண்ணாந்து பார்த்து, "கடைசி வரைக்கும் உட்கார்ந்து முழுசாப் படிச்சது இதுக மட்டுந்தானுங்க தலைவரே" என்றான். கதிர் சிரிக்காமல் வாயை மூடிக்கொண்டான். அவன் சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஏணி கூடத்துக்கு வந்துவிட்டது. அதன் கால்கள் தரையில் உரசும்போது என் பல்லெல்லாம் கூசுகிறது. நாற்காலியைத் தள்ளிப் போடச் சொன்னார்கள், தள்ளிப் போட்டேன். இப்போது உத்தரத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. பார்க்கிறேன். எவ்வளவு அழகாக இருக்கிறது. வழவழவென்று, தேர்ச் சட்டம் மாதிரி, சிவப்பில் வெள்ளை எழுத்து. வருஷா வருஷம் ஆடியில், ஆறுக்குட்டி செத்த நாளுக்கு முந்தின வாரம், ஒரு கோட்டிங். பழையதைச் சுரண்டக் கூடாது என்பது எங்கள் பழக்கம், போன வருஷத்தவர்கள் அடித்ததை இந்த வருஷத்தவர்கள் எடுக்கக் கூடாது, அதன் மேலேயே அடிக்க வேண்டும். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. பெயிண்ட் விரல் தடிமனுக்கு ஏறியிருக்கிறது. எழுத்துக்களைப் பெஞ்சமின் எழுதினான், போர்டு எழுதுகிற பெஞ்சமின். அவன் போன பிறகு அந்தக் கோட்டின் மேலேயே நான் தூரிகையை ஓட்டிக்கொண்டு வருகிறேன், கை நடுங்கினாலும் எழுத்து நடுங்காது, பள்ளம் விழுந்திருக்கிறது. யுவராஜ் ஏணியில் இரண்டு படி ஏறி டார்ச்சைப் போட்டான். "இது யாருங்கய்யா, உங்க சொந்தக்காரருங்களா?" என்றான். என்ன சொல்வது. இதுவரை நான் பேசிய அத்தனை கூட்டங்களிலும் இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு மணி நேரப் பதில் இருந்தது. நஞ்சையன்தான் சொன்னான். "மில்லுக்காரன் இவன் எங்க ஆளே இல்லைன்னுட்டான் தம்பி. பதிலி ஆளு, மஸ்டர்ல பேரு ஏத்தல. கேட்டுல உக்காந்திருந்தோம், பொதி ஏத்துன லாரி உள்ள வந்துது. நாங்கெல்லாம் எந்திரிச்சு ஓடிட்டோம். அவன் எந்திரிக்கல." "ஐயாவுமாங்க?" என்று யுவராஜ் என்னைப் பார்த்துக் கேட்டான். "தலைவரு சப்ஜெயில்ல இருந்தாரு. முந்தின நாளே புடிச்சிட்டுப் போயிட்டாங்க" என்றான் நஞ்சையன். ஆமாம், நான் பார்க்கவில்லை. பார்க்காத ஒன்றைத்தான் இத்தனை வருஷம் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பார்த்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள், பார்க்காத நான் நிறுத்தவில்லை. அன்று கொசுக்கடியில் சப்ஜெயில் சுவரில் சாய்ந்துகொண்டு என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? அடுத்த துண்டறிக்கையின் தலைப்பை. அதுகூட ஞாபகம் இருக்கிறது. கடுக்கன் எந்தக் காதில் என்பது ஞாபகம் இல்லை. நஞ்சையனைக் கேட்டால் தெரியும், ஆனால் இவர்கள் முன்னால் எப்படிக் கேட்பது, தலைவருக்கே தெரியலையா என்று ஆகிவிடும்.

சங்க ஆபீஸ் சாவி போன பிறகு இந்தக் கூடத்தை நான் இழுத்துக் கட்டினேன். உத்தரத்துக்கு மரம் நஞ்சையனின் மாமனார் தோட்டத்து வேம்பு. வேம்பைக் கரையான் தொடாது, கசப்புக்குப் பயப்படும் என்று நஞ்சையன் அடித்துச் சொன்னான். வேலைநீக்கமானவர்கள் எல்லோரும் வந்தார்கள், தோளில் வைத்துத் தூக்கினார்கள், ஏலேலோ போட்டார்கள். என் வீட்டுக்காரி எல்லோருக்கும் கம்மஞ்சோறு ஊற்றினாள். தூக்கி வைத்தபின், மஸ்டரில் இல்லாத பெயரை நாம் மஸ்டர் எடுப்போம் என்று நான் சொன்னேன். அது என் யோசனைதான், அதில் எனக்குக் கர்வம் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை, ஷிப்ட் ஆரம்பிக்கிற நேரத்துக்கு, டைம் ஆபீசில் கூப்பிடுவது போலவே உத்தரத்தில் இருப்பதைப் பார்த்து முழுப் பெயரையும் படிப்பேன். கூடியிருப்பவர்கள் எழுந்து நின்று, அவனுக்காக, 'ஆஜர்' என்பார்கள். முதல் வருஷம் அந்தச் சத்தத்தில் ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. தெருவில் நாய் குரைத்தது. பிறகு மில்லை மூடினார்கள், ஆட்கள் திருப்பூருக்குப் போனார்கள், சிலர் வாட்ச்மேன் ஆனார்கள், சிலர் அங்கேயே, அதே அடுக்குமாடிக்கே வாட்ச்மேன் ஆனார்கள். சிலர் செத்தார்கள். சத்தம் குறைந்துகொண்டே வந்தது. போன ஆடியில் நான் படித்தேன், நஞ்சையன் ஆஜர் என்றான், அவன் காது மிஷின் விசில் அடித்தது. அவ்வளவுதான். கதிரைக் கூப்பிட்டிருந்தேன். மீட்டிங் இருக்கிறது என்றான். இதுவும் மீட்டிங்தான் என்று நான் சொல்லவில்லை. யுவராஜ் சுத்தியலை எடுத்துவிட்டான். சுவரோரத்திலிருந்து ஆரம்பிக்கிறான். டொக். சரி, அது சுவர் தாங்குகிற இடம். டொக். இன்னும் சரி. கசப்பு மரம், கசப்பைத் தின்று வளர்ந்தவர்கள் தூக்கி வைத்த மரம், நிற்கும். டொக். அடுத்தது எழுத்து ஆரம்பிக்கிற இடம். சத்தமே வரவில்லை. அவன் தட்டுகிறான், சுத்தியல் படுவது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் ஒரு தலையணையைத் தட்டியதுபோல ஒன்றும் திரும்பி வரவில்லை. இன்னும் தள்ளித் தட்டுகிறான். ஒன்றுமில்லை. எழுத்து முழுவதும் ஒன்றுமில்லை. அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து எழுத்துக்குக் கீழே, ஓரமாக, மரியாதையாகத்தான், வைத்து அழுத்தினான். அழுத்தக்கூட இல்லை. அது பிடிவரை உள்ளே போய்விட்டது. இழுத்ததும் அந்த ஓட்டை வழியாகப் பொடி கொட்டியது, மாவு சலிப்பதுபோல மெல்ல, நின்று, மறுபடி கொஞ்சம், என் முழங்காலில், என் கை மேல். மண்ணும் பொடியும். வாயில் வைத்துப் பார்த்தால் கசக்குமா. கையை அப்படியே வைத்துக்கொண்டேன். ஸ்பின்னிங்கில் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது புருவத்தில் இப்படித்தான் படிந்திருக்கும், ஆறுக்குட்டி ஊதிவிடுவான், "அண்ணா, கெழவனாயிட்டீங்க" என்பான். "பெயிண்ட்டுதாங்கய்யா நிக்குது" என்றான் யுவராஜ். "உள்ள மரமே இல்லை. பெயிண்ட்ட மட்டும் தொடாது அதுக. இவ்வளவு கனமா அடிக்காம இருந்திருந்தா மண்ணு வெளிய தெரிஞ்சிருக்குங்க, அப்பவே பாத்திருக்கலாம்."

வெளியே தெரியாமல் இருக்கத்தான் அடித்தோமா. இல்லை, தெரியத்தான் அடித்தோம். யுவராஜ் இறங்கி ஜன்னலோரம் போய் எழுத ஆரம்பித்தான். நஞ்சையன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு என் காதோரம் வந்தான். அவனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது, காது போனதிலிருந்து. "தலைவரே, பையன் நல்லவனாத்தான் தெரியறான். வெளிய கூட்டிட்டுப் போயி நான் ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கட்டுங்களா? இன்னொரு ரெண்டு வருஷம் தாங்கும்னு எழுதினா அவனுக்கு என்ன கொறைஞ்சு போச்சு." எல்லோருக்கும் கேட்டிருக்கும். சின்னராசு தலையைக் குனிந்துகொண்டார். நான் நஞ்சையனைப் பார்த்த பார்வையில் அவன், "சரி சரி, கோவிச்சுக்காதீங்க" என்று நகர்ந்துவிட்டான். ஆனால் ஒரு கணம், அவன் கேட்டதற்கும் நான் பார்த்ததற்கும் நடுவில், ஆமாம் போ, சொல் என்று உள்ளே ஒன்று எழுந்தது, எனக்குத் தெரியும். கதிருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவன் போனைப் பையில் போட்டுவிட்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். சின்ன வயதில் அப்படி உட்கார்ந்துதான் காசு கேட்பான். என் முழங்காலில் இருந்த பொடியைத் தட்டிவிட்டான். "அப்பா" என்றான், "இதெல்லாம் வேண்டாம் விடுங்க. இன்னிக்குப் படிக்க வேண்டாம். இரும்புல ஒரு தூண் முட்டுக் குடுத்து நிறுத்திக்கலாம். வர்ற ஆடி வரைக்கும் இருங்க. அப்பறமாப் பேசிக்கலாம்." அவன் குரலில் வஞ்சகம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வஞ்சகம் இருந்திருந்தால் எனக்குப் பதில் தெரியும். ஒரு தூண், ஓர் ஆடி, பெயரை இன்னொரு தடவை படிப்பது, நஞ்சையன் இருந்தால் ஒரு ஆஜர். வேறெதையும் நான் கேட்கவில்லையே, அதைத்தானே கேட்கிறேன், அதுதானே இதோ தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கொடுக்கிறான். வாங்கிக்கொள்ளலாம். கையைத் திறந்தால் போதும். என் கை மூடியே இருக்கிறது, உள்ளே பொடி. பேச்சுவார்த்தை மேஜையில் முதலாளி எழுந்து வந்து தோளில் கை போட்டு, ஏப்பா, உனக்கு மட்டும் தனியாப் பார்த்துச் செய்யறேன் என்று சொல்லும்போது எழுந்து வெளியே வந்தவன் நான். அதைப் பற்றி ஒரு வெளியீடே போட்டேன், உரிமையும் சலுகையும் என்று தலைப்பு, அதுவும் பரணில் இருந்தது, இப்போது செம்மண். பேசி ஒத்துக்கொண்டதை எவன் மீறினாலும் அவனைக் கேட்டில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். கதிர், நீ ஏன் மேனேஜ்மெண்ட்டாக இருக்கக் கூடாது, எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். "பேசினது பேசினதுதான்" என்றேன். "அப்பா..." என்றான். "ஷரத்து உனக்குத் தெரியும். படிக்கச் சொல்லு" என்றேன். அவன் எழுந்து போய் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். "ஒரு தடவையாவது தோத்துக் குடுங்கப்பா, யாருக்காவது" என்று வாசலைப் பார்த்துச் சொன்னான். தோற்றுத்தானே போயிருக்கிறேன், வரிசை சொல்லவா என்று கேட்க வாயெடுத்தேன். இருமல்தான் வந்தது.

ஒன்பதாவது மாடியில் என்ன இருக்கும். ஒரு தடவை போயிருக்கிறேன், பால் காய்ச்சிய அன்று. மில்லின் பழைய கேட் தூண்கள் இரண்டையும் இடிக்காமல் அழகுக்காக வைத்திருக்கிறார்கள், சுண்ணாம்பு அடித்து, உச்சியில் விளக்குப் போட்டு. கார் அந்த இரண்டு தூணுக்கும் நடுவில்தான் உள்ளே போகும், வேறு வழி இல்லை. சரியாக நடுவில். அந்த இடத்தில் ஒரு வேகத்தடை வைத்திருக்கிறார்கள், கார் ஏறி இறங்கும், முன் சக்கரம் ஒரு தடவை, பின் சக்கரம் ஒரு தடவை. பால் காய்ச்சிய அன்று ஏறி இறங்கியபோது நான் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். என்ன மாமா என்றாள் மருமகள். ஒன்றுமில்லை என்றேன். இனி தினமும் ஏறி இறங்குவேன், ஆஸ்பத்திரிக்கு, மருந்துக்கு, கடைசியில் வேறு வண்டியில் ஒரு தடவை. ஆடி வந்தால் எங்கே பார்த்துப் படிப்பது. அங்கே கூரை கான்கிரீட், கரையான் தொடாது, பெயரும் ஒட்டாது. லிப்டில் நின்று சொன்னால் யாராவது மருமகளிடம் சொல்லிவிடுவார்கள், உங்க மாமாவுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்குதுங்க என்று. நஞ்சையனைக் கேட்டுக்கு உள்ளே விடமாட்டார்கள், எந்த வீடு, யாரைப் பார்க்கணும், கையெழுத்துப் போடு என்பார்கள், அவனோடு வேலை பார்த்தவனே காக்கி போட்டுக்கொண்டு கேட்பான். "முடிஞ்சுதுங்க" என்றான் யுவராஜ். சின்னராசு, "அப்பாடா" என்று எழப் போய், இன்னும் முடியவில்லை என்று தெரிந்து உட்கார்ந்தார். யுவராஜ் கூடத்தின் நடுவே வந்து நின்றான், உத்தரத்துக்கு நேர் கீழே இருக்கிறோம் என்று நினைவு வந்ததும் ஓரடி தள்ளி நின்றான். "எல்லாருக்கும் கேக்கறாப்பல படிக்கணும்னு சார் சொன்னாருங்க" என்று என்னைப் பார்த்தான். படி என்று தலையசைத்தேன். சமையலறைக் கதவு நிலை, அடிப்பக்கம் சேதம். பரண் பலகை, முழுக்கச் சேதம். பின்னறை ஜன்னல் சட்டம், பரவாயில்லை. குரல் ஒரே சீராகப் போனது, ஏற்ற இறக்கம் இல்லாமல், தீர்ப்பு படித்த குமாஸ்தாவின் குரல் மாதிரி. அன்று அந்தக் குரல் 'ஒரு நபர்' என்ற இடத்தில் நிற்கும், பெயர் வரும் என்று நான் காத்திருந்தேன். நிற்கவில்லை, அடுத்த வரிக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு எந்த ஆபீசரும், எந்த கோர்ட்டும், சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதிப் படிக்கிற எந்த ஆளும் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. நாங்கள்தான் சொன்னோம், எங்களுக்குள்ளேயே. "கூடம், நடு உத்தரம்" என்று படித்தான் யுவராஜ், "சிவப்புப் பெயிண்ட் அடிச்சது. உள்பக்கம் முழுக்கச் சேதம். தாங்காது. உடனே எடுத்துடணும்." அடுத்த வரிக்குப் போகப் பார்த்தான். "நில்லு தம்பி" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது, பழைய குரல், மைக் இல்லாமல் கேட்டுக்கு எட்டுகிற குரல். "சிவப்புப் பெயிண்ட் அடிச்சதுன்னா போதாது. எந்த மரம்னு சாட்சிக்குத் தெரியணும். அதுல எழுதியிருக்கறதையும் சேத்து எழுது. எழுதி, அதையும் படி." "அது எதுக்குங்கய்யா?" என்றான் அவன். "எழுதுங்க" என்றான் கதிர், நிலையிலிருந்து. அவன் என்னைப் பார்க்கவில்லை. யுவராஜ் டார்ச்சை அடித்து, அண்ணாந்து பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டான். நஞ்சையன் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்றான். அவன் நிற்பதைப் பார்த்து எதற்கென்று தெரியாமல் சின்னராசுவும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்தார். நானும் எழுந்தேன். வலது காது. வலது காதில்தான் கடுக்கன், தீப்பெட்டிக்குக் கை நீட்டும்போது தலையை அந்தப் பக்கமாகச் சாய்ப்பான். யுவராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, நின்றுகொண்டிருக்கிற எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தான்: "தோழர் நா. ஆறுக்குட்டி, ஸ்பின்னிங் பிரிவு, பதிலித் தொழிலாளி."